மறுபடி கேட்ட மந்திரி

சத்தியம்! இந்தா, தலையில அடிச்சுச் சொல்றேன். உன் தலையில இல்ல, என் தலையில. இந்தக் கதையில ஒரே ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, நாளைக்குக் காலையில என் மீசை மொத்தமும் உதிர்ந்து கஞ்சிக்குள்ள விழட்டும். ஊரே கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன். பக்கத்து வீட்டுக்காரன் வெளக்கப் போட்டுட்டான் பாரு. கேக்கட்டும், அவனும் ஒரு சாட்சி.

மீசையில ஒரு பக்கம் ஏற்கெனவே கம்மியா இருக்கேன்னு உத்துப் பாக்காத நாச்சி. அது வேற விசயம். நீ தலகாணிய இழுத்து வச்சுக்கிட்டுப் படு. நான் சொல்லச் சொல்ல "ம்" போடணும். உன் "ம்" நின்னா என் வண்டியும் நின்னுரும்.

ம். அப்படித்தான்.

ஒரு ஊர்ல ஒரு கண்மாய் இருந்துச்சு. ஊரு பேரே முள்ளிக்கண்மாய். பேருலதான் கண்மாய், உள்ள சொட்டுத் தண்ணி கெடையாது. மழை எட்டிப் பாத்தே பல வருசமாச்சு. கண்மாய்ல இருந்த கெளுத்தி மீனெல்லாம் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ஒருநாள் வரிசையாக் கரையேறி, மீசைய முறுக்கிக்கிட்டு மதுரைப் பக்கம் நடந்து போயிருச்சுங்க. போன எடத்துல என்ன வேலை பாத்துச்சுங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாததச் சொல்லமாட்டேன்.

அந்த ஊர்ல சாத்தையான்னு ஒருத்தரு. என் தாத்தாவுக்குத் தாத்தா இருக்காருல்ல, அவருக்குத் தாத்தா. அவரு சம்சாரம் பூவாயி. மடியில ஒரு கைக்குழந்தை, பொம்பளப்புள்ள.

நம்ம பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்தவங்கள "சாப்பிடுறீங்களா"ன்னு கேட்டா, "இப்பத்தான் ஆச்சு"ம்பாங்க. ஆகியிருக்காது. வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கும், ஆனாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்போ நாம ரெண்டாந்தரம் கேக்கணும். "இல்ல, இருக்கட்டும்"பாங்க. அப்புறம் மூணாந்தரம் வாயால கேட்டாப் பத்தாது, கையப் புடிச்சு இழுத்து எலைக்கு முன்னாடி உக்கார வச்சுரணும். அதுக்கப்புறம் சாப்பிடுவாங்க பாரு, அடுத்த பந்திக்குச் சோறு மிஞ்சாது. சாத்தையா இந்த வேண்டாம் சொல்றதுல பெரிய கைகாரரு. கழுத்த ஒருபக்கம் சாய்ச்சு, கண்ணத் தாழ்த்தி, "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்"னு அவரு சொல்ற அழகப் பாக்கறதுக்குன்னே பக்கத்து ஊர்லருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டு விருந்து வைப்பாங்க.

ம்.

அப்புறம் பஞ்சம் முத்திப்போச்சு. வந்தவங்களுக்குப் போட வீட்டுல ஒண்ணுமில்ல. "சாப்பிடுறீங்களா"ன்னு கேக்கவே வாய் கூசுச்சு. அப்போ சாத்தையா, பூவாயியையும் புள்ளையையும் அவ அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டாரு. அண்ணன் தங்கமான மனுசன். அண்ணன் பொண்டாட்டிதான் தெனம் வாசல் தெளிக்கயில, "இன்னும் இங்கனதான் இருக்கியளா"ன்னு கேப்பா. என்னன்னு திருப்பிக் கேட்டா, சும்மா கேட்டேம்பா. பூவாயி ரோசக்காரி. புருசன்கிட்ட ஒரே பேச்சுத்தான் சொன்னா. "எங்கயாச்சும் நமக்குன்னு ஒரு கூரையப் புடிச்சுட்டு வந்து எங்களக் கூட்டிப்போங்க. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். ஆனா ரொம்ப நாளைக்குக் கடிக்க முடியாது."

சாத்தையா கடக்கரைக்கு நடந்தாரு. அங்க உதுமான் தண்டல்னு ஒருத்தரு. தோணி ஓட்டுறதுல தலைமை ஆளத் தண்டல்னு சொல்றது. அவரு தோணியில ஏறி உக்காந்தாச்சு.

நடுக்கடல்ல காத்து புடிச்சுது. ஹூ... ஊ... ஊ... தோணி மேல போகுது, கீழ வருது, மேல போகுது, கீழ வருது. ஒருதரம் மேல போனப்போ சந்திரன் கைக்கெட்டுற தூரத்துல நிக்குது. உதுமான் தண்டல் சட்டுனு பாய்மரத்தச் சாய்ச்சாரு, இல்லேன்னா சந்திரன்ல கீறல் விழுந்திருக்கும். விழுந்துச்சுன்னுதான் சில பேரு சொல்றாங்க. நாளைக்கு நீயே பாத்துக்க.

அப்போ பறவைமீன் ஒண்ணு, பொத்துன்னு சாத்தையா மடியில விழுந்துச்சு. பசி. அப்படியே அடுப்புல காட்டித் தின்னுட்டாரு. எந்த ஊரு மீனத் தின்னாலும் அந்த ஊரு பாஷை நாக்குல ஏறிக்கும், அது கடலோடிகளுக்குத் தெரிஞ்ச விசயம். மீனு அரைவேக்காடு, அதனால பாஷையும் கொஞ்சம் கொன்னலாத்தான் வந்துச்சு. ஆனாலும் போதும்.

காத்து அடங்கினப்போ தோணி ஒரு தீவுல நின்னுச்சு. பச்சப்பசேல்னு தென்னை, நடுவுல ஒரு மலை. உதுமான் தண்டல் அவர எறக்கி விட்டுட்டுச் சொன்னாரு, காத்து திசை மாறுறப்போ நான் இந்தப் பக்கம் திரும்ப வருவேன், அதுக்குள்ள உனக்கு எடம் கெடைச்சிருச்சுன்னா சொல்லு, அடுத்த நடையில உன் வீட்டுக்காரியையும் புள்ளையையும் ஏத்தியாறேன், கெடைக்கலைன்னா நீயும் ஏறிக்க, ஊருக்கே போயிரலாம்னு. தோணி போயிருச்சு.

கரையில ஒரு ஆளு வலை தச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கழுத்துல ஒரு சங்கு. அவருதான் அந்தத் தீவுக்கு ராசா. சின்னத் தீவுல்ல, ராசாவும் வலை தச்சாத்தான் மீனு. அவரு பேரு ரொம்ப நீளம், முழுசாச் சொன்னா விடிஞ்சுரும், நாம ராசான்னே வச்சுக்குவோம். ஆனா ஒண்ணு, கடலப் பாத்து உக்காராம, கடலுக்கு முதுகக் காட்டி, மலையப் பாத்து உக்காந்து தச்சாரு. பாக்க வேடிக்கையா இருந்துச்சு.

ராசா நிமிந்து பாத்துட்டு, "ஊருக்குப் புதுசா? வீடு வேணுமா?"ன்னாரு.

பாவி மனுசன், வந்த காரியமே அதுதான? ஆனா பழக்கம் விடுமா? கழுத்து தானாச் சாஞ்சுச்சு. கண்ணு தானாத் தாழ்ந்துச்சு. "ஐயோ, எதுக்குங்க உங்களுக்குச் சிரமம், வேண்டாங்க"ன்னுட்டாரு.

ராசா "சரி"ன்னுட்டு வலையில குனிஞ்சுக்கிட்டாரு.

சாத்தையா நின்னாரு. ரெண்டாந்தரம் கேப்பாங்கன்னு நின்னாரு. லேசா இருமிப் பாத்தாரு. வானத்தப் பாத்து, "கூரை இல்லாம வெயிலு என்னமா அடிக்குது"ன்னாரு. ராசா, ஆமா இந்த வருசம் வெயில் சாஸ்திதான்னு சொல்லிட்டு ஊசிய வாயில கடிச்சு நூலக் கோத்தாரு. சூரியன் கடலுக்குள்ள முங்கிருச்சு, ராசா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு. சாத்தையா இன்னமும் நிக்கிறாரு.

சிரிக்காத. சிரிச்சாத் தூக்கம் போயிரும்.

அப்புறம் வயிறு கொர்ர்ர்னுச்சு. தெருவுல நடந்தாரு. மொத வீட்டுல மீனு சுடுற வாசம். வீட்டம்மா தலைய நீட்டி, சாப்பிடுறியான்னா. "இப்பத்தான் ஆச்சு"ன்னாரு. சரின்னா. கதவு டப்புன்னு சாத்திக்கிச்சு. ரெண்டாவது வீட்டுல கெழங்கு வேகுது. சாப்பிடுறியா? "இருக்கட்டுங்க." சரி. டப். மூணாவது வீட்டுல தேங்காப்பால் கஞ்சி. அந்த வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே, வேணும் வேணும் வேணும்னு வாய்க்குள்ள சொல்லிப் பழகிக்கிட்டே போனாரு. ஆனா கதவு தொறந்து ஒரு பொம்பள சிரிச்ச முகமாக் கேக்கயில நாக்கு அதும்பாட்டுக்கு, "எதுக்குங்க சிரமம்"னுச்சு. டப்.

கொர்ர்ர்ர்ர்.

நாலு நாளோ அஞ்சு நாளோ எளநீர் மட்டையச் சொரண்டித் தின்னுட்டுக் கெடந்தாரு. அப்போ உப்புக் காய்ச்சுற பொம்பள ஒருத்தி அந்தப் பக்கம் வந்தா. டூமிக்கான்னு பேரு. வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. "ஏய் புது ஆளு, உன்னை ஊரே சோத்துக்குக் கூப்பிட்டுச்சு, யாரு வீட்டுலயும் தின்னமாட்டேங்கிற. எங்க சோறு நாறுதா"ன்னா.

சாத்தையா பொலபொலன்னு அழுதுட்டாரு. எங்க ஊர்ல மூணுதரம் கேப்பாங்கம்மான்னாரு.

அவளுக்கு மொதல்ல வெளங்கல. வெளங்கினதும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் அந்தத் தீவு வழக்கத்தச் சொன்னா. அங்க எதையும் ஒரே தரந்தான் கேப்பாங்க. ரெண்டாந்தரம் கேட்டா, நீ மொதல்ல சொன்னது பொய்யின்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. அதுக்கு ஈட்டி எடுத்துருவாங்க. வேண்டாம்னு சொன்னவன் தானாப் போய் வேணும்னாலும் தப்பு, ரெட்டை நாக்குக்காரன்னு தோணியில ஏத்தி அனுப்பிருவாங்க.

"அப்போ என் வீடு?"ன்னாரு சாத்தையா.

"ராசாவா மறுபடி கேட்டாத்தான் உண்டு"ன்னா டூமிக்கா. "அவரு கேக்கமாட்டாரு. கூடப்பொறந்த அக்காளையே மறுபடி கேக்காத மனுசன்."

அவளாலயும் அவர மறுபடி சாப்பிடக் கூப்பிட முடியாதுல்ல? அதனால ஒரு கெழங்கக் கொண்டாந்து கல்லுமேல வச்சுட்டு, நான் காக்காய்க்குத்தான் வச்சேன், எந்தக் காக்கா வந்து தின்னாலும் எனக்குத் தெரியாதுன்னுட்டுத் திரும்பி நின்னுக்கிட்டா. சாத்தையா கா கான்னு கத்திக்கிட்டே தின்னாரு. அன்னையிலருந்து தெனம் அவருக்குக் காக்காச் சோறுதான்.

ம்... அப்புறம் அந்த அக்கா சங்கதி என்னன்னு கேக்கணும்ல நீ?

ராசாவோட அக்காதான் மலைக்கு ராணி. மலைமேல ஒரு ஊத்து. அந்தத் தண்ணிதான் ஓடையா எறங்கிக் கீழ் ஊருக்கு வரும். ராசா கல்யாணத்துல யாரோ ஒரு புத்திகெட்டவன், அக்காவுக்கு முன்னாடி வேற யாருக்கோ எளநி சீவிக் குடுத்துட்டான். அம்புட்டுத்தான். அக்கா விறுவிறுன்னு மலையேறிட்டா. தம்பி ஆள் விட்டு, விருந்துக்கு வர்றியான்னு கேட்டாரு. வேண்டாம்னா. கோவத்துல ஒரு பெரிய பாறைய உருட்டி ஓடைக்குக் குறுக்க போட்டா, டமார்னு. அதோட முடிஞ்சுது. தம்பியால மறுபடி கேக்க முடியல. அக்காவால தானா வர முடியல. அன்னையிலருந்து கீழ் ஊருக்கு உப்புத் தண்ணிதான். புள்ளைங்க குடிச்சுட்டு மூஞ்சியச் சுளிக்கும். தம்பிக்குத் தலை நரைச்சுப் போச்சு, அக்காவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு.

இதக் கேட்டதும் சாத்தையாவுக்கு மனசே ஆறல. கோவிச்சுக்கிட்டுப் போன அக்காள ஒரே ஒரு தரம் கூப்பிட்டுட்டு விட்டுருவாங்களான்னாரு. "எங்க சின்ன மாமனாரு ஒரு சீமந்தத்துக்கு வரமாட்டேன்னு புளியமரத்துல ஏறி உக்காந்துக்கிட்டாரு. கெஞ்சுனோம், எறங்கல. மரத்தோட தோண்டி வண்டியில ஏத்திக் கொண்டாந்து பந்தியில நட்டோம். ரெண்டு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சாரு."

நெசந்தான். அந்த மரம் இன்னமும் நிக்குது.

அப்புறம் சாத்தையா யோசிச்சாரு. காத்து திசை மாறப்போகுது. உதுமான் தண்டல் வந்துருவாரு. பூவாயி பல்லும் எத்தனை நாளைக்குத் தாங்கும். ராசா மறுபடி கேக்கணும்னா, மறுபடி கேக்குறதுன்னா என்னன்னு ராசாவுக்கு மொதல்ல தெரியணும். தெரியாத ஒண்ண அவரு எப்படிச் செய்வாரு? சரி, நான் போய் அக்காளக் கூப்பிடுறேன்னாரு. டூமிக்கா தலையில அடிச்சுக்கிட்டா. குத்திப் போட்டா உன்னைத் தூக்கிட்டு வர நான் மலையேற மாட்டேன், எனக்கு உப்புக் காயுது வேலை இருக்குன்னா. ஆனா ஒரு பெரிய எலையக் கொண்டாந்து குடுத்தா. வெத்தல பாக்கு அங்க ஏது? எலையில தேங்காயும் ரெண்டு பழமும் பூவும் வச்சு, அதத் தாம்பாளமாட்டம் ஏந்திக்கிட்டு, சாத்தையா மலையேறினாரு.

மலை உச்சியில ராணி ஒரு கல்லுமேல காலை நீட்டி உக்காந்திருக்கா. ரெண்டு பக்கமும் ஈட்டிக்காரங்க. சாத்தையா எலைய முன்னாடி வச்சுக் கும்பிட்டு, "அம்மா, தம்பி வீட்டு விருந்துக்கு வரணும்"னாரு.

ஈட்டிக்காரங்க மூச்சே விடல. ஏற்கெனவே கேட்டு முடிச்ச கேள்வியாச்சே.

"வேண்டாம்னு அப்பவே சொல்லியாச்சு"ன்னா ராணி. ஈட்டி ரெண்டும் சாத்தையா தொண்டைக்கு வந்துருச்சு. சில்லுன்னு இருக்கு. அந்நேரத்துல அவருக்குப் பூவாயி ஞாபகம் வந்துச்சு, வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டுச்சு. எச்சி முழுங்கக்கூட எடமில்ல. அப்படியே மெதுவா, "அது அப்போம்மா. இப்போ வாங்க"ன்னாரு.

ராணி கையக் காட்டினா. தூக்கிட்டுப் போய் ஊத்துக்குள்ள தலைகீழா முக்கிட்டாங்க. குளுகுளுகுளுகுளு. ஆனா பாரு நாச்சி, தண்ணிக்குள்ளருந்து ஒரு கொப்புளம் மேல வந்து டொப்புன்னு ஒடைஞ்சுச்சு. அதுக்குள்ளருந்து "வாங்க"ன்னு சத்தம். அடுத்த கொப்புளம், டொப். "வாங்கம்மா." டொப், டொப். "சாப்பாடு ஆறுதும்மா." நம்ம ஆளுக்கு விருந்துன்னு வந்துட்டா மூச்சு முக்கியமில்ல.

ஈட்டிக்காரன் ஒருத்தன் சிரிச்சுட்டான். ராணி மொறைச்சா. அப்புறம், தூக்குங்கன்னா.

தொப்பலா நனைஞ்சு வெளிய வந்தவரு என்ன செஞ்சாரு? ஓடியிருக்கணும். ஓடல. நேரா போயி, ராணி கையப் புடிச்சு இழுத்தாரு. "எந்திரிங்கம்மா, எலை போட்டாச்சு."

ஊத்துத் தண்ணி சொட்டுற சத்தந்தான், சொட்... சொட்... ராணி தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. ராணி கைய யாரு தொடுவா? எத்தனை வருசமாச்சோ, ஒரு மனுசக் கை பட்டு.

அப்புறம் கேட்டா, "அவன் அனுப்பிச்சானா, நீயா வந்தியா?"

அனுப்பிச்சாருன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நம்ம வம்சத்துலதான் பொய்யே கெடையாதே. "நானாத்தான்மா வந்தேன். அவரு கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இந்த மலையப் பாத்துத்தான் வலை தைக்கிறாரு. கண்ணு வலையில இல்ல. தச்ச எடத்தையே திருப்பித் திருப்பித் தைக்கிறாரு. கிழிசல் அப்படியே இருக்கு"ன்னாரு.

ராணி குனிஞ்சு கீழ கரையப் பாத்தா. அப்புறம், "சின்னதுலயும் அப்படித்தான் தைப்பான், கழுதை"ன்னா. கண்ணத் தொடைச்சுக்கிட்டா. முட்டியப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, போற வழியில அந்தப் பாறைய ஒரு எத்து எத்துனா. அது கடகடகடன்னு உருண்டு போச்சு. பின்னாடியே சலசலசலன்னு தண்ணி. அது எறங்குன வேகத்துல கீழ் ஊரு புள்ளைங்க வாயத் தொறந்துக்கிட்டு நின்னதுக்குக் கையே தேவைப்படல, நேரா வாய்க்குள்ள போச்சு.

ம். தூங்கிட்டியா? இல்லையா. சரி.

அப்போ கரையில ராசா தண்ணிச் சத்தம் கேட்டு நிமிந்தாரு. அக்கா நொண்டி நொண்டி வர்றா. ஊசி கையிலருந்து விழுந்துருச்சு. அக்கா போயி வலைய எடுத்து, கிழிசல் எங்க இருக்குன்னு விரலால காட்டினா. ராசா தலைய ஆட்டினாரு. அதான் அவங்க பேசினது.

விருந்து வச்சாங்க. ராசாவே அக்காளுக்குப் பரிமாறினாரு. ஒரு அகப்பை போட்டதும் அக்கா போதும்னா. ராசா சரின்னு அகப்பையக் கீழ வச்சுட்டாரு. அக்கா மூஞ்சி சுருங்கிப்போச்சு. சாத்தையா பின்னாலருந்து ராசா முதுகுல ஒரு இடி இடிச்சாரு, இன்னொரு தரம் கேளுங்கன்னு.

ராசாவுக்கு வேர்த்துப்போச்சு. வாழ்நாள்ல கேட்டதில்லையே. நாக்கு ஒட்டிக்கிச்சு. "இ... இ... இன்னுங் கொஞ்சம்?"னாரு. ஊரே கண்ண மூடிக்கிச்சு. அக்கா, வேண்டாம்னா, ஆனா வேண்டாம்னு சொல்றப்பவே எலைய லேசா முன்னாடி தள்ளுனா. ராசா அதப் பாத்தாரு. அப்புறம் கேக்கவே இல்ல, அகப்பை அகப்பையாப் போட்டாரு. அக்கா திட்டிக்கிட்டே தின்னா, தின்னுக்கிட்டே அழுதா.

அந்நேரம் பாத்துக் காத்து திசை மாறுச்சு. உதுமான் தண்டல் தோணி வந்து கரையில முட்டுச்சு, டொக். என்னப்பா எடம் கெடைச்சுதான்னு அங்கருந்தே கேட்டாரு. சாத்தையா தலையக் குனிஞ்சுக்கிட்டு, இல்லைண்ணேன்னுட்டுத் தோணியப் பாத்து நடந்தாரு.

"எங்க போற?"ன்னாரு ராசா.

"ஊருக்குத்தாங்க. எனக்கு இங்க வீடில்லையே."

"நான் கேட்டேன். நீ வேண்டாம்னியே."

"ஆமாங்க. சொன்னேன்."

ராசா அவரப் பாத்தாரு, அக்காளப் பாத்தாரு, அக்கா எலையப் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து, ஊரு பூராவும் கேக்க, "வீடு வேணுமா?"ன்னாரு. ரெண்டாந்தரம்.

நம்ம ஆளுக்குக் கழுத்து சாய ஆரம்பிச்சுருச்சு, பாத்துக்க. கண்ணு தாழுது. "எதுக்குங்க உங்களுக்குச் சிர..."ன்னு வாயத் தொறக்குறாரு, டூமிக்கா பாஞ்சு வந்து ஒரு முழுக் கெழங்க அந்த வாய்க்குள்ள திணிச்சுட்டா, ப்ளக்குன்னு. அவரு அத மென்னு முழுங்குறதுக்குள்ள ராசா கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டாரு. முழுங்கிட்டு வேணும்னாரு. ரொம்பச் சின்னக் குரல்ல.

வீடு மட்டும் போதாது, இவன மந்திரியாக்குன்னு அக்கா எலைய விட்டு நிமிராமலே சொன்னா. அப்படித்தான் நாச்சி நம்ம வம்சத்துல ஒரு மந்திரி வந்தாரு. என்ன மந்திரி? மறுபடி கேக்குற மந்திரி. அந்த ஊர்ல வேற யாருக்கும் அந்த வேலை தெரியாதுல்ல. அண்ணன் தம்பி பேச்சு நின்னு போச்சா, கூப்பிடு மந்திரிய. மருமக வீட்டுக்கு வரலையா, கூப்பிடு மந்திரிய. ஒருதரம் ஒரு பயலுக்குப் பொண்ணு கேட்டுப் போனாரு. பொண்ணு வேண்டாம்னுச்சு. மறுபடி கேட்டாரு. அது வேண்டாம்னுச்சு. அது மூஞ்சியப் பாத்தாரு, கால் கட்டைவிரலப் பாத்தாரு. எந்திரிச்சு வந்து மாப்பிள்ளகிட்ட, தம்பி இது நெச வேண்டாம், நீ வேற வேலையப் பாருன்னு சொல்லிட்டாரு. மந்திரி வேலைன்னா அதுதான், எது நெசம் எது சும்மான்னு பாக்குறது. மத்தபடி அவருக்கும் மீனு புடிக்கத்தான் நேரம் சரியா இருந்துச்சு.

அப்புறம் அடுத்த காத்துக்கு உதுமான் தண்டல் தோணி தூரத்துல தெரிஞ்சுச்சு. அதுல பூவாயி. இடுப்புல புள்ள. மந்திரி சம்சாரம் வர்றான்னு தீவே கரையில நிக்குது. சாத்தையா புது வேட்டி கட்டிக்கிட்டு, கையில ஒரு எளநியோட நிக்கிறாரு.

தோணி வந்து நின்னுச்சு. பூவாயி எறங்கல. சாத்தையா போயி, எறங்கு பூவாயின்னாரு.

"நான் வரல"ன்னா.

ஏன்னா, எம்புட்டு நாளு. ஒரு சேதி இல்ல, ஒரு வார்த்தை இல்ல. அண்ணன் பொண்டாட்டி பேச்சக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதே மரத்துப்போச்சு. கோவம் வருமா வராதா? "வரல"ன்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

அந்தத் தீவு சனங்க ரொம்ப மரியாதையான சனங்க. வரலைன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க, தள்ளுங்கப்பான்னாங்க. அம்புட்டுப் பேரும் தோணியில தோளக் குடுத்து, ஏலேலோ ஐலசா, ஏலேலோ ஐலசா, தோணியக் கடலுக்குள்ள தள்ளிட்டாங்க. ஒரே தள்ளு. உதுமான் தண்டல் தோணி மேல நின்னுக்கிட்டு, டேய் டேய்ங்கிறாரு, யாரு கேக்குறா. அலை ஒண்ணு வந்து தோணிய அப்படியே உள்ள இழுத்துக்கிச்சு. பூவாயி திரும்பிப் பாக்குறா, கரை எட்டப் போயிருச்சு. அவளுக்கு வெலவெலத்துப் போச்சு. ஆனா ரோசக்காரியாச்சே, வாயத் தொறப்பாளா?

சாத்தையா எளநியப் போட்டுட்டுக் கடல்ல விழுந்தாரு. சளக் சளக் சளக். இடுப்பளவு தண்ணி. "வா பூவாயி." அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்கா. நெஞ்சளவு தண்ணி. புதுவேட்டி எங்கயோ போச்சு. "வீடு கட்டிட்டேன், பூவாயி. அடுப்பு போட்டு வச்சுருக்கேன். நீ வந்து பத்தவைக்கணும்னு இன்னும் பத்தவைக்கல." அவ ஓரக்கண்ணால ஒருதரம் பாத்தா. பின்னாடி ராசா நீந்தி வர்றாரு, அவரு பின்னாடி அக்கா, நொண்டிக் காலோட. ஊரு பூராவும் தண்ணிக்குள்ள எறங்கி, வாங்கம்மா வாங்கம்மான்னு கத்துது. அந்தத் தீவுல அத்தனை பேரும் சேந்து மறுபடி கேட்டது அன்னைக்குத்தான்.

கழுத்தளவு தண்ணியில சாத்தையா கைய நீட்டினாரு. வாய்க்குள்ள தண்ணி போயிருச்சு, பேச்சு வரல. கை மட்டும் மேல நிக்குது.

பூவாயி குனிஞ்சு பாத்தா. மொதல்ல புள்ளைய அந்தக் கையில குடுத்தா. அப்புறம் அவளும் எறங்குனா.

அம்புட்டுத்தான். அவங்க பேரன் ஒருத்தன் அப்புறமா வீம்புக்குத் தோணியேறி இங்க திரும்பி வந்தான். அவன் வழியிலதான் நானு, உங்கப்பன், நீ எல்லாம்.

உங்கப்பன் என்னமோ நம்ம முப்பாட்டனாரு கருவாடு வித்தாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான். சொல்லட்டும், நீ குறுக்க பேசாத. மந்திரி கதைய யாரு சொன்னான்னு காலையில கேட்டான்னா, என் பேர மட்டும் சொல்லிராத தாயி. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்னு சொல்லு, அவன்தான் வெளக்கப் போட்டுக்கிட்டு முழுசாக் கேட்டான்.

தோணி கரையேறிருச்சு, கதையும் எறங்கிருச்சு. கண்ண மூடு.